நாற்பது பக்க நோட்டு

கணக்கெடுக்க வருகிறவர்கள் அடுத்த வாரம் எங்கள் சந்துக்குள் நுழைவார்கள் என்று பேச்சு வந்ததும், கட்டிலுக்கு அடியில் கிடந்த டிரங்குப் பெட்டியை இழுக்கச் சொன்னாள் அம்மா. தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இங்கேயே 350 சதுர அடியில் வீடு என்கிறார்கள். அதனால் பழைய ரேஷன் கார்டு, லைட் பில், ஓட்டர் லிஸ்ட் என்று எது அகப்பட்டாலும் பத்திரப்படுத்த வேண்டியிருக்கிறது. "ஒங்கப்பா ஒண்ணையும் தூரப் போட மாட்டாவ. பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வச்சிருப்பாவ, நல்லாப் பாரு" என்றாள்.

ரேஷன் கார்டு இருந்தது. அதே கவருக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு விசிலும் இருந்தன. நோட்டைப் பிரித்ததும் சொலூஷன் வாசம் அடித்தது. தோல்பை தைக்கிறவர்கள் வீட்டில் சோற்றுத் தட்டு வரைக்கும் ஏறிவிடும் வாசம் அது. அப்பா போய் ஏழு வருஷமாகிறது. வாசம் போகவில்லை.

நோட்டு என்னுடையதுதான். அட்டையில் என் பெயரும் 'ஆறாம் வகுப்பு, புவியியல்' என்பதும் என் கோணல் எழுத்தில் இருந்தன. முதல் நான்கு பக்கங்களில் இந்தியப் படம், நீலப் பென்சிலில் ஆறுகள். ஐந்தாம் பக்கத்திலிருந்து அப்பாவின் கையெழுத்து. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நாள், மணி, ஆள் என்று மூன்று கட்டம். 'செவ்வாய், 10 முதல் 1 வரை.' 'செவ்வாய், 1 முதல் 4 வரை.' ஒவ்வொரு வரியிலும் நான்கு பெயர்கள். வந்தவருக்கு டிக், வராதவருக்குச் சுழி. ஒருவர் பெயருக்கு எதிரே 'உட்கார்ந்தே தூங்கினார்' என்று எழுதியிருந்தார்.

அம்மாவுக்கு இப்போது பார்வை மங்கல். விசிலைத் தடவியதுமே கண்டுகொண்டாள். "இத இன்னுமா வச்சிருந்தாவ" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தாராவி ஒரே இடம். உள்ளே இருப்பவர்களுக்கு அது நூறு ஊர். எங்கள் சந்தில் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். கட்டருக்கு அந்தப் பக்கம் எதிர்ச்சந்து. அங்கே முஸ்லிம் குடும்பங்கள், பாதிப் பேர் உத்தரப் பிரதேசம், பீகார். மீதிப் பேர் எங்களைப் போலவே திருநெல்வேலி, மேலப்பாளையம் என்று வந்தவர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தச் சதுப்பு நிலத்துக்கு எங்கள் இரண்டு கூட்டத்தையும் கூட்டிவந்தது தோல் பதனிடும் வேலை. தாராவியின் பெரிய மசூதி 1887இல் தொடங்கியது, பிள்ளையார் கோயில் 1913இல் கட்டியது என்பார்கள். அவ்வளவு காலமாக அக்கம்பக்கத்தில் இருக்கிறோம்.

ஆனால் எங்களைக் கட்டிப்போட்டது சரித்திரம் இல்லை. தண்ணீர்க் குழாய் அவர்கள் பக்கம், பொதுக் கக்கூஸ் எங்கள் பக்கம். விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் பெண்கள் குடத்தோடு அங்கே போவார்கள், அவர்கள் பெண்கள் டப்பாவோடு இங்கே வருவார்கள். கட்டர்மேல் போட்டிருந்த கருங்கல் பலகையில் எதிரும் புதிருமாக நின்று, யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள் என்று எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

எங்கள் சந்து முனையில் பாய் மாமா பட்டறை வைத்திருந்தார். ஆறு மிஷின். அப்பா அங்கே பீஸ் கணக்கில் பை தைத்தார். பாய் மாமா மகனும் நானும் ஒரே பெஞ்சு. அந்தப் புவியியல் நோட்டில் கோதாவரியை வரைந்தது அவன்தான். எனக்கு ஆறு நெளிந்து வராது.

1992 டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. பாபர் மசூதி இடிக்கப்பட்ட செய்தி வந்தது. அன்றைக்கு ஒரு சைக்கிள் ஊர்வலம் தாராவிக்குள் சுற்றியது. வெற்றிக் கோஷமும் சைக்கிள் மணியும் சேர்ந்து கேட்டன. என்ன கொண்டாட்டம் என்று தெரியாமல் நாங்கள் பிள்ளைகள் பின்னால் ஓடினோம். பாய் மாமா மகனும் ஓடிவந்தான். பாதி வழியில் யாரோ அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பல வருஷம் கழித்து, பம்பாய்க் கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் அறிக்கையில், அந்த ஊர்வலம் முஸ்லிம்கள் மிகுந்த தெருக்கள் வழியாகப் போய்க் காலா கில்லாவில் கூட்டமாக முடிந்தது என்று படித்தேன். ஓடிய கால்களில் என் காலும் இருந்ததே என்று மனது கிடந்து துடித்தது.

மறுநாளே ஊரடங்கு. ராத்திரியில் வானத்தின் ஒரு மூலை சிவப்பாக இருந்தது. ரெக்சினும் ரப்பரும் எரிகிற நாற்றம் போர்வைக்குள்ளேயும் வந்தது. பாலில் விஷம் கலந்திருக்கிறார்கள் என்றார்கள். அந்தப் பக்கம் ஆயுதம் வந்து இறங்கிவிட்டது என்றார்கள். எதிர்ச்சந்திலும் எங்களைப் பற்றி இதையேதான் சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் சந்துப் பெரியவர்கள் கூடி, ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு விசில் வாங்கினார்கள். முறை எழுத நோட்டு வேண்டும் என்றதும் அப்பா என் பையைத் திறந்து கையில் கிடைத்ததை எடுத்தார். முதல் ராத்திரி நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கருங்கல் பலகைக்கு எங்கள் பக்கத்தில் நான்கு பேர் கம்போடு உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் மாடியில் மிளகாய்ப் பொடியை முறத்தில் வைத்துக்கொண்டு விழித்திருந்தார்கள். யாராவது பலகையைத் தாண்டி வந்தால் தட்டை அடிக்க வேண்டும் என்று என்னிடம் ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் கொடுத்திருந்தார்கள். விடிய விடிய அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டில் பீடிக் கங்குகள் தெரிந்தன. அதில் ஒன்று பாய் மாமாவுடையது என்பது நிச்சயம். அவரிடம்தான் வெள்ளிக்கிழமை தோறும் எட்டணா வாங்குவேன்.

விடிந்ததும் அம்மா குடத்தை எடுத்தாள். அப்பா தடுத்தார். "தண்ணிக்கு என்ன செய்யச் சொல்லுதிய?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள். அவள் பின்னால் நான்கைந்து பெண்கள் போனார்கள். குழாயடியில் வழக்கம்போல வரிசை இருந்தது, பேச்சு மட்டும் இல்லை. பாய் மாமா வீட்டு உம்மா ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து அம்மா குடத்துக்கு இடம் விட்டாளாம். கொஞ்ச நேரத்தில் அவளும் டப்பாவோடு எங்கள் பக்கம் வந்தாள். கம்பு வைத்திருந்தவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். இரவில் காவல் காத்தவர்கள் பகலில் வழி விட்டார்கள். இரண்டு மாதமும் இப்படித்தான் நடந்தது. பத்திரிகையில் எந்த வரியிலும் இது வரவில்லை.

ஜனவரியில் நெருப்பு மறுபடியும் எழுந்தது, முன்னதைவிட மோசமாக. கையில் குழந்தையும் தலையில் மூட்டையுமாக ஜனங்கள் தாதர் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். அப்பா எங்களை ரயிலேற்றிவிட்டார். கக்கூஸ் வாசலில் உட்கார்ந்து இரண்டு ராத்திரி, ஊர் போய்ச் சேர்ந்தோம். அவர் மட்டும் வரவில்லை. முறை இருக்கிறது என்றார்.

மாசி பிறந்த பிறகு திரும்பி வந்தபோது, சந்து முனையில் பட்டறை இல்லை. நான்கு கரிய சுவர்கள் நின்றன. வீட்டுக்குள் கால் வைக்க முடியாமல் தரை முழுக்க மண்ணெண்ணெய் வாடை. அப்பா நடுவில் உட்கார்ந்து ஒரு தையல் மிஷின் தலையை மடியில் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆறு தலைகள். கறுப்புப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உரிந்து, ஊசித்தண்டு இறுகிக் கிடந்தது. ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் மூன்று நாள் ஊறப் போட்டு, கைச்சக்கரத்தை ஒரு நூல் முன்னே, ஒரு நூல் பின்னே என்று அசைத்துப் பார்ப்பார். நான்கு அசையவே இல்லை. இரண்டு சுற்றின. அவற்றைச் சாக்கில் சுற்றித் தோளில் தூக்கி, பலகையைத் தாண்டி பாய் மாமா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தார். உள்ளே கூப்பிட்டார்களா, போனாரா என்று எனக்குத் தெரியாது.

பட்டறையை வெளியிலிருந்து வந்தவர்கள் எரித்தார்கள் என்பது மட்டும் எல்லாரும் சொன்னது. என்றைக்கு, எந்த நேரத்தில் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். இப்போது நோட்டில் பார்த்தேன். ஜனவரி இரண்டாவது வாரம், ஒரு வரிக்குக் கீழே மட்டும் அப்பா சிவப்பு மையில் 'பட்டறை' என்று எழுதியிருக்கிறார். அந்த வரி 1 முதல் 4 வரை. முதல் பெயர் அவருடையது. டிக் போட்டிருக்கிறது. விசில் அவர் கழுத்தில்தான் தொங்கியிருக்கும்.

அந்த இரண்டு மாதங்களில் நகரம் முழுவதும் 900 பேர் இறந்ததாக ஆணையம் கணக்குச் சொன்னது. 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள், மற்றவர்களில் அடையாளமே தெரியாமல் போனவர்கள் 45 பேர். எரிந்த பட்டறையும், எரிவதைக் கண்டவர்கள் மனதில் சுமந்ததும் எந்தக் கணக்கிலும் ஏறாது.

மார்ச் 12, வெள்ளிக்கிழமை மத்தியானம் குண்டுகள் வெடித்தன. பங்குச் சந்தை, ஏர் இந்தியா கட்டடம், வொர்லி என்று ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மணி நேரத்துக்கு மேல். எங்களுக்குப் பக்கத்திலேயே மாஹிம் மீனவர் குடியிருப்பில் கையெறி குண்டு வீசினார்கள். 257 உயிர் போனது. அப்பா பள்ளிக்கூட வாசலுக்கே வந்து என்னைக் கூட்டிப்போனார். வழியெல்லாம் கடைகளின் ஷட்டர் இறங்குகிற சத்தம். இன்றைக்கு ராத்திரி விடாது என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. மாலையில் எங்கள் சந்துப் பையன்கள் சிலர் சயான் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கொடுக்கப் போனார்கள். வரிசையில் முன்னால் எதிர்ச்சந்துக்காரர்கள் நின்றார்களாம்.

அன்று ராத்திரி குழாயில் தண்ணீர் கேட்காத நேரத்தில் வந்தது. எல்லாப் பெண்களும் குழாயடியில் இருந்தார்கள். கம்புகள் அததன் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. உம்மாதான் சத்தமாகச் சொன்னாள், இரண்டு பக்கத்து ஆண்களுக்கும் கேட்கும்படி: "ரெண்டு பக்கமும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு முழிச்சுக் கெடக்கியளே, ஒரே எடத்துல உக்காந்தா பாதிப் பேராவது தூங்கலாம்லா? நோன்பு மாசம். எங்க ஆளுக சஹருக்கு எப்படியும் எந்திரிக்கணும். ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் அவங்க பாக்கட்டும். நீங்க போய்ப் படுங்க."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பாய் மாமா எழுந்து பலகைமேல் வந்து நின்றார். அப்பா வீட்டுக்குள் வந்து நோட்டையும் பேனாவையும் எடுத்துப் போனார்.

அந்தப் பக்கத்தை இப்போது விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன். 'வெள்ளி, 10 முதல் 1 வரை': நான்கு பெயர்கள், எங்கள் சந்து. 'வெள்ளி, 1 முதல் 4 வரை': நான்கு பெயர்கள், அவர்கள் சந்து. முதல் பெயரை மட்டும் அப்பா எழுதவில்லை. பாய் மாமா தானே எழுதியிருக்கிறார். அடுத்த வாரத்திலிருந்து ஒரே வரியில் இரண்டு பெயர் இங்கே, இரண்டு பெயர் அங்கே என்று கலந்துவிட்டது. பெருநாள் முடிந்தும் தொடர்ந்து, மே மாதத்தில்தான் நிற்கிறது.

குண்டுவெடிப்புக்குப் பிறகு பம்பாயில் மூன்றாவது கலவரம் வெடிக்கவில்லை. மறுநாளே ஜனங்கள் வேலைக்குப் போனதைப் பார்த்து, பம்பாய்க்காரர்களின் நெஞ்சுரம் என்று எழுதினார்கள். இன்றைக்கும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. தினக்கூலிக்காரன் வேலைக்குப் போனது சாப்பாட்டுக்காக. கலவரம் வராமல் நின்றதற்கு, இப்படி எத்தனையோ குழாயடிகளில் எத்தனையோ உம்மாக்கள் வாய் திறந்ததும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

பின்னால் இதெல்லாம் முறையாக வந்தது. முன்னாள் காவல் ஆணையர் ஜூலியோ ரிபேரோ, சுஷோபா பார்வே போன்றவர்கள் முன்னின்று, ஸதீஷ் சாஹ்னி ஆணையராக இருந்த காலத்தில், காவல் நிலையம் தோறும் மொஹல்லா கமிட்டிகளை அமைத்தார்கள். பிவண்டியில் சுரேஷ் கோப்டே என்ற காவல் அதிகாரி 1988இலிருந்தே இதைச் செய்திருந்தார். 1970இலும் 1984இலும் பற்றியெரிந்த பிவண்டி, 92இல் பம்பாய் எரிந்தபோது அமைதியாக இருந்தது. இரண்டு தரப்பும் ஏற்கெனவே ஒருவர் பெயரை ஒருவர் அறிந்திருந்ததுதான் அதன் சூட்சுமம் என்று அப்பா சொல்வார். வதந்தி வந்தால் உடனே யார் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பது என்று தெரிந்திருந்தால் போதும் என்பார்.

அப்பாவும் கமிட்டியில் இருந்தார். முதல் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, ஸ்டேஷனில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள் என்று ஆச்சரியத்தோடு சொன்னார். அதுவரைக்கும் அங்கே நின்றுதான் அவருக்குப் பழக்கம். பிள்ளையார் ஊர்வலம் எந்த மசூதியை எத்தனை மணிக்குத் தாண்டும், மொஹரத்துக்கு எந்தத் தெருவை விட வேண்டும் என்பதெல்லாம் அங்கே முன்கூட்டியே பேசி முடிப்பார்கள். போலீஸ்காரர்களும் மொஹல்லாப் பையன்களும் கலந்து கிரிக்கெட் ஆடுவார்கள். தாராவியில் பாவு கோர்டே, வகார் கான் என்ற இரண்டு நண்பர்கள், நான்கு மதத்து உடையில் பிள்ளைகள் நிற்கிற ஒரு சுவரொட்டி போட்டார்கள். 'ஹம் சப் ஏக் ஹைன்', நாம் எல்லாரும் ஒன்று, என்று எழுதிய அந்தச் சுவரொட்டி எங்கள் பால் பூத்தில் ரொம்ப காலம் இருந்தது. முனை கிழிந்தால் பால்காரர் பசை வைத்து ஒட்டுவார்.

2006 ஜூலையில் லோக்கல் ரயில்களில் குண்டு வெடித்தபோது, மாஹிமும் மாட்டுங்கா ரோடும் எங்களுக்குக் கூப்பிடு தூரம். சத்தம் கேட்டதும் சந்தே ஓடியது. ஸ்ட்ரெச்சர் எங்கே இருக்கிறது? அம்மா பீரோவைத் திறந்து, அக்கா கல்யாணத்துக்கென்று வாங்கி மடிப்புக் கலையாமல் வைத்திருந்த பெட்ஷீட்டுகளை என் கையில் திணித்தாள். நான்கு மூலையை நான்கு பேர் பிடித்துத் தூக்கினோம். என் எதிர் மூலையைப் பிடித்தவன் யார் என்று இன்றுவரை தெரியாது. "மெதுவா, மெதுவா" என்று ஹிந்தியில் சொல்லிக்கொண்டே வந்த குரல் மட்டும் காதில் இருக்கிறது.

பாய் மாமா குடும்பம் அதற்கு ரொம்ப முன்பே மும்ப்ராவுக்குப் போய்விட்டது. 93க்குப் பிறகு எத்தனையோ முஸ்லிம் குடும்பங்கள் நகரத்தை விட்டுத் தானேவுக்கு அப்பால் அங்கே போய்ச் சேர்ந்தன. இங்கே யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லியும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த இரண்டு மிஷின்களையும் டெம்போவில் ஏற்றியது அப்பாதான். வண்டி 90 அடி ரோட்டில் திரும்புகிற வரைக்கும் நின்றார்.

நோட்டு கிடைத்த மறு ஞாயிறு, சயானில் ஸ்லோ வண்டி பிடித்து மும்ப்ராவுக்குப் போனேன். மகன் வெளியே போயிருந்தான். பாய் மாமாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ஹாலில் ஒரு மூலையில் துணி போர்த்தி ஒரு மிஷின் நின்றது. "வாய்யா. ஒங்கம்மா சொகமா இருக்காவளா?" என்றார். நோட்டைக் கொடுத்ததும் மோந்து பார்த்துச் சிரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இந்தியப் படத்திலிருந்தே பார்க்கத் தொடங்கினார். "கோதாவரி என் மவன் போட்டது" என்றார்.

டிசம்பர்ப் பக்கங்களை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். ஜனவரி வந்தது. விரல் சிவப்பு மையில் போய் நின்றது. அன்றைக்கு விசில் சத்தம் கேட்டதா என்று கேட்கத்தான் நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"எங்ககிட்டயும் இதே மாதிரி ஒரு நோட்டு இருந்துச்சு" என்றார் அவர். "அன்னைக்கு ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் எங்க பக்கம் நான்தான். கல்லுக்கு அந்தத் தலையில ஒங்கப்பா, இந்தத் தலையில நான். அவுஹளும் எறங்கி வரல, நானும் வரல."

உம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். பாய் மாமா பக்கத்தைத் திருப்பினார். மார்ச். தன் கையெழுத்தைக் கண்டுபிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதற்கு மேலே இருந்த பெயரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு வாசித்தார். "இவரு மவுத்து. இவன் கான்பூர்லயே தங்கிட்டான். இவன் உக்காந்துக்கிட்டே தூங்குவான்லா, ஒங்க சந்துக்காரன், இப்ப எங்க இருக்கான்?"

"ஊர்லதான் மாமா. வயக்காடு பாக்காரு."

"நல்லாத் தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.